கண்ணுக்குப் பின்னால் வந்த தீர்ப்பு

நான் ரஷ்ய மொழி படித்தவன் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றும் சிரிப்பார்கள். தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அதே ஆபீசில் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவனுக்கும் ரஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். துறைமுகம்தான் சம்பந்தம்.

1971 ஆகஸ்டில் இந்திய - சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வருஷங்களில் நம் துறைமுகத்தில் சோவியத் கப்பல்கள் வந்து நிற்பது சாதாரணக் காட்சி. சாயங்காலமானால் பர்மா பஜாரில் அந்த மாலுமிகள் மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து நடப்பார்கள். வெயிலில் சிவந்த முகம், கையில் ஒரு குடை, வாங்குவதைவிட விலை கேட்பது அதிகம். "ரஷ்ய பாஷை மட்டும் தெரிஞ்சா ஷிப்பிங் ஆபீசுல கண்ணை மூடிக்கினு வேலை குடுப்பான்டா" என்று ராயபுரத்தில் என் கூட்டாளி ஒருவன் சொன்னான். அதை நம்பி, கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆபீஸ் முடிந்து பாரிமுனையில் பஸ் ஏறி ஆழ்வார்ப்பேட்டை போய், திரும்பி ராயபுரம் வந்து சேர இரவு பத்தாகும். இரண்டு வருஷம் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. ஷிப்பிங் ஆபீஸ்காரர்கள் ஆங்கிலத்திலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ம்யூல்லர் தொகுத்த ஆங்கில - ரஷ்ய அகராதி ஒன்று. செங்கல் கனம். அந்தக் காலத்தில் சோவியத் புத்தகங்கள் இங்கே விற்ற விலை உங்களுக்கே நினைவிருக்கும், அதனால் வாங்க முடிந்தது.

ஆபீசில் எனக்கு வாய்த்தது வேறொரு பாஷை. லத்தீன். வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறவனுக்கு அது புரிய வேண்டிய அவசியம் இல்லை. ப்ரைமா ஃபேசி, எக்ஸ் பார்ட்டி, போனா ஃபைடி, இன் ரெம் என்று விரல் தானாக ஓடும். எழுத்துப் பிழை வந்தால் திட்டு விழும். அர்த்தம் தெரியாவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். பத்து வருஷம் அப்படித்தான் அடித்தேன்.

பிறகு கட்சிக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். காசிமேட்டில் இருந்து, தண்டையார்பேட்டையில் இருந்து, எண்ணூரில் இருந்து வருகிறவர்கள் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்து என் மேஜை அருகில் நின்று, "சார், அவரு இன்னா சொன்னாரு?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தேன். அபிடவிட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்கு லத்தீனில் 'அவர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்' என்று அர்த்தம். ஒரு முழு வாக்கியமே நம் ஊர் ஸ்டாம்ப் வெண்டர் வாயில் ஒரு சொல்லாகப் புரள்கிறது. ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் 'உடலை உன்னிடம் வைத்துக்கொண்டு வா' என்கிற மாதிரி. இதை ஆட்கொணர்வு மனு என்று தமிழாக்கியவருக்குக் கோயில் கட்டலாம். லத்தீன் உடலைக் கொண்டு வரச் சொல்கிறது, தமிழ் ஆளைக் கொண்டு வரச் சொல்கிறது. பிள்ளையைப் போலீஸ் எங்கே வைத்திருக்கிறது என்று தெரியாமல் நிற்கிற தாயிடம் எந்தச் சொல்லைச் சொல்வீர்கள்? ப்ரைமா ஃபேசிக்கு முகாந்திரம் என்கிறோம். அங்கே லத்தீனிலும் முகம், இங்கேயும் ஒரு முகம் ஒளிந்திருக்கிறது.

ரஷ்யக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது என்பது ராயபுரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். கடலில் வருகிற கப்பலுக்கு வழி காட்டிய அதே கட்டடத்துக்குள்தான் கப்பல்கள் மேல் வழக்கும் நடக்கும். அட்மிரால்டி வழக்கு என்று பெயர். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று பிரிட்டிஷ்காரன் காலத்து மூன்று நீதிமன்றங்களுக்குத்தான் அந்த அதிகாரம் என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். விசாகப்பட்டினத்தில் பிடிபட்ட எம்.வி. எலிசபெத் என்ற கப்பலின் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் மற்ற உயர் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு என்று சொன்னது. 2017-ல்தான் இதற்கென்று நம் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது. அதுவரை ஓடியதெல்லாம் 1861-லும் 1890-லும் லண்டனில் எழுதிய சட்டங்கள்.

இந்த வழக்குகளில் விசேஷம் என்னவென்றால், பிரதிவாதி கப்பல். முதலாளி எங்கேயோ கிரீசிலோ சைப்ரசிலோ இருப்பார். கப்பல் இங்கே நிற்கிறது. கப்பல் மேலேயே வழக்குப் போடலாம். அதுதான் இன் ரெம், அதாவது பொருளின் மேல். கோர்ட் உத்தரவிட்டால் அமீனா துறைமுகத்துக்குள் போய் கப்பலிலேயே வாரண்டை ஒட்டிவிட்டு வருவார். அதற்குப் பிறகு ஈடு கட்டாமல் கப்பல் நங்கூரம் தூக்க முடியாது. கப்பல் 'அரெஸ்ட்' ஆகிவிட்டது என்போம்.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்த நாட்டு மாலுமிகள் வேறு வேறு கொடி கட்டிய கப்பல்களில், முகம் தெரியாத கம்பெனிகளிடம் வேலைக்குப் போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு சரக்குக் கப்பல் நம் துறைமுகத்தில் வந்து மாட்டிக்கொண்டது. இருபத்திரண்டு பேர், ரஷ்யர்களும் உக்ரேனியர்களும். ஏழு மாதச் சம்பளம் பாக்கி. கம்பெனி தந்திக்கும் பதில் தரவில்லை, பேக்சுக்கும் பதில் தரவில்லை. குடிதண்ணீர் தீர்ந்து, யாரோ புண்ணியவான்கள் லாரியில் அனுப்பியதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கு எங்கள் ஆபீசுக்கு வந்தது.

வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா, நீ ஏதோ ரஷ்யன் படிச்சேன்னு சொல்லுவியே, நிஜந்தானா?"

"படிச்சேன் சார். இருபது வருஷம் ஆச்சு."

"அபிடவிட்டையும் வக்காலத்தையும் ரஷ்யன்ல எழுதிக்கோ. கேப்டனுக்கு இங்கிலீஷ் வருது, மத்தவங்களுக்கு வரலை. புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாங்கன்னு கீழே நீ எழுதித் தரணும்."

கடைசியில் அவர் சொன்ன அந்த வரியைக் கோர்ட் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாத பாஷையில் பிரமாணப் பத்திரம் இருந்தால், அதை அவர் பாஷையில் வாசித்துக் காட்டி விளக்கியதாகவும் அவர் புரிந்துகொண்டதாகவும் மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்க் கட்சிக்காரர்களுக்காக அந்த வரியை ஆயிரம் தடவை டைப் அடித்திருக்கிறேன். அடியில் வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். இந்தத் தடவை நான் போட வேண்டும்.

இரண்டு ராத்திரி ம்யூல்லரோடு உட்கார்ந்தேன். அரெஸ்டுக்கு ரஷ்யனில் 'அர்யேஸ்த்'. சுலபமாகப் போயிற்று என்று மகிழ்ந்தேன். மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பல் மேல் ஒரு பிடிமானம் உண்டு, லீயன் என்போம். கப்பல் யார் கைக்கு மாறினாலும் அந்தப் பிடி விடாது. அதற்கு 'ஸலோக்' என்று போட்டேன். அடகு, ஈடு என்று அர்த்தம். சத்தியப் பிரமாணத்துக்கு 'ப்ரிஸ்யாகா'. வக்காலத்துக்கு 'தவேரின்னஸ்த்'. அது நம்பிக்கை என்ற சொல்லில் இருந்து வந்தது, கேட்கவே நன்றாக இருந்தது. நம் வக்காலத்து அரபு வழியில் வந்த சொல். லத்தீனில் தொடங்கி அரபுக்குப் போய் ரஷ்யனில் முடிகிற பேப்பரை ராயபுரத்துக்காரன் ஒருவன் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதுகிறான். அன்றைக்குக் கரண்ட் இல்லை.

அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலுக்குப் போனோம். அப்போது ஜவகர் டாக்கில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டி கறுத்துப்போகும் காலம் அது. 2011-ல் கோர்ட் உத்தரவில்தான் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. கப்பலின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனதை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். என் உச்சரிப்புக்கு முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். போகப் போக யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்ததும் பேனாவை யாரும் தொடவில்லை.

நம் ஊர் செராங்கு பார்க்கிற வேலை பார்க்கிற ஒரு பெரியவர் அவர்களில் இருந்தார். போத்ஸ்மன் என்பார்கள் அவர்கள். அவர்தான் முதலில் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது. "எங்களுக்குச் சம்பளம் தரவில்லை. அதற்கு எங்களையே ஏன் அரெஸ்ட் செய்கிறீர்கள்? ஜாமீன் கட்ட எங்களிடம் காசு ஏது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேப்டன்தான் பொறுமையாக விளக்கினார். அர்யேஸ்த் என்றால் சாதாரண ரஷ்யனுக்குப் போலீஸ் கைதுதான். ஸலோக் என்றால் அடகு என்பது சரிதான், ஆனால் ஜாமீனும் அதே சொல்தான். இரண்டும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து வந்தால் எவன் கப்பலை நினைப்பான்? தன் கையில் விலங்கு என்றுதான் நினைப்பான். அகராதிப்படி நான் எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இருபத்திரண்டு பேர் அதைக் கேட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

ப்ரிஸ்யாகாவும் உதைத்தது. ராணுவத்தில் சேரும்போது எடுக்கும் சத்தியத்துக்கும் அதே பெயர். "ஒரு தடவை ப்ரிஸ்யாகா எடுத்துவிட்டேன். அந்த நாடே இப்போது இல்லை. இனி எந்த நாட்டுக்கு எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்றார் போத்ஸ்மன். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டு போனதை மடித்துப் பையில் வைத்தேன். சட்டத்தை விட்டுவிட்டு ஊர்க் கதைக்குப் போனேன். மாடு என்பதற்கு ரஷ்யனில் 'கரோவா' என்பது நல்லவேளையாக நினைவிருந்தது. எங்கள் ஊரில் ஒருவன் மாடு இன்னொருவன் வயலில் மேய்ந்துவிட்டால் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்கள். மாட்டுக்காரன் வந்து காசு கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். வராவிட்டால் மாட்டை ஏலம் விட்டு, வந்த பணத்தில் நஷ்டப்பட்டவனுக்குக் கொடுப்பார்கள். இந்தக் கப்பல்தான் மாடு. முதலாளி மாட்டுக்காரன். நீங்கள் நஷ்டப்பட்டவர்கள். பவுண்டுக்குள் போவது மாடு, நீங்கள் அல்ல. இதைப் பாதி ரஷ்யன், பாதி ஆங்கிலம், பாதி கையால் சொன்னேன். மூன்று பாதி எப்படி என்று கேட்காதீர்கள், அன்றைக்குத் தேவைப்பட்டது.

செகண்ட் மேட் பையன் ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "கரோவா! கரோவா!" என்று மற்றவர்களுக்குச் சொன்னான். அதற்குப் பிறகு அவனும் கேப்டனும் என்னோடு உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். ஸலோக்கை எடுத்துவிட்டு 'சம்பளத்துக்காக இந்தக் கப்பல் மேல் எங்களுக்கு முதல் உரிமை' என்று நீட்டி எழுதினோம். அர்யேஸ்த் வருகிற இடத்தில் எல்லாம் 'கப்பலை, ஆட்களை அல்ல' என்று சேர்த்தோம். ப்ரிஸ்யாகாவுக்குப் பதில் 'நான் சொல்வது உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன்' என்று போட்டோம். ஒரு பக்கம் இரண்டரைப் பக்கம் ஆயிற்று.

நடுவில் ஒரு வேடிக்கை. கோர்ட்டுக்கு ரஷ்யனில் ஸூத். கப்பலுக்கு ஸூத்னோ. 'கோர்ட்டின்' என்று சொன்னாலும் ஸுதா, 'கப்பல்கள்' என்று பன்மையில் சொன்னாலும் ஸுதா. எழுத்து, உச்சரிப்பு, அழுத்தம் எல்லாம் ஒன்றே. கோர்ட்டின் உத்தரவு என்று நான் எழுதியதைப் பார்த்து, கப்பல்கள் உத்தரவு போடுகின்றனவா என்று அந்தப் பையன் கேலி செய்தான். எங்கள் ஊரில் சுதா என்று பெண்களுக்குப் பெயர் வைப்போம் என்றேன். போத்ஸ்மன்கூடச் சிரித்தார்.

கையெழுத்துகள் ஆயின. கடைசியில் 'வாசித்துக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டார்கள்' என்ற வரியின் கீழே நானும் போட்டேன். கொஞ்சம் கை நடுங்கியது. முதலில் எழுதிக்கொண்டு போனதற்கே அவர்கள் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் கீழும் இதே வரியைப் போட்டிருப்பேன் அல்லவா?

கப்பல் அரெஸ்ட் ஆனது. மூன்றாவது வாரம் முதலாளி தரப்பில் ஆள் பறந்து வந்தார், பாக்கி கட்டப்பட்டது, கப்பல் போயிற்று. காத்திருந்த நாட்களில் அந்த செகண்ட் மேட் என்னோடு இரண்டு தடவை பாரிமுனை வரை வந்து டீ குடித்தான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே 'ஸஓச்னா'வாகப் படித்தேன் என்றான். நம் அஞ்சல் வழிக் கல்விதான். 'ஓச்சி' என்றால் கண்கள், பழைய சொல். 'ஸா' என்றால் பின்னால், அப்பால். வாத்தியாரின் கண்ணுக்கு அப்பால் இருந்து படிப்பது. இந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியாமல்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத விஷயம்.

சுனாமிக்கு முந்தின வருஷம். நான் திருவொற்றியூருக்குக் குடிவந்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அம்மா ஒருவர். அவர்கள் குடும்பம் முதலில் கரையோரம் இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடல் எப்படி வீடு வீடாகத் தின்றது என்று பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். அவர்கள் வீட்டின் பின்பாதி போனதும் உள்ளே தள்ளி வாடகைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் வலை வாங்கப் புரோநோட் எழுதிக் கடன் வாங்கியிருந்தார். அவர் காலமான பிறகு கடன் கொடுத்தவர் இந்த அம்மா மேலும் பிள்ளைகள் மேலும் வழக்குப் போட்டார். சம்மன் பழைய விலாசத்துக்குப் போயிற்று. வாங்க ஆள் இல்லாததால் கதவில் ஒட்டினார்கள். பின்னால் கடல், முன்னால் கதவு. அந்தக் கதவில் ஒட்டிய காகிதத்தை உப்புக் காற்றுதான் படித்திருக்கும்.

தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றச் சொல்லி அடுத்த நோட்டீஸ் வந்தபோதுதான் இவர்களுக்கு விஷயமே தெரிந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதுல இன்னா எய்திருக்குது, பாத்து சொல்லு."

வாசல் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு. "ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆயிடுச்சும்மா. சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்" என்றேன். உள்ளே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

எக்ஸ் பார்ட்டி என்ற லத்தீனுக்கு 'ஒரு தரப்பில் இருந்து' என்றுதான் அர்த்தம். ஒருதலைப்பட்சம் அதற்குச் சொல்லுக்குச் சொல் சரி. 1976-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கீழ்க்கோர்ட்டுகளில் தமிழில் தீர்ப்பு எழுதலாம் என்று ஆனபோது புழக்கத்துக்கு வந்த சொற்களில் அதுவும் ஒன்று. ஆனால் கோர்ட்டுக்கு வெளியே, தெருவில், ஒருதலைப்பட்சம் என்றால் என்ன? நடுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று.

அந்த அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஜட்ஜை அவன் கையில் போட்டுக்கொண்டான் என்று குப்பம் முழுக்கச் சொன்னார். பஞ்சாயத்தார் கூடினார்கள். வட்டச் செயலாளர் வீட்டுக்குப் போனார். யாரோ எழுதிக் கொடுத்து முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனுப் போட்டார். ஜட்ஜே சாய்ந்துவிட்டார் என்றால் மறுபடி அதே கோர்ட்டுக்கு யாராவது போவார்களா? வக்கீலைப் பார் என்று நான் சொன்னது அவர் காதில் அர்த்தமில்லாத வார்த்தையாக விழுந்திருக்கிறது.

சட்டம் சொல்வது வேறு. நீ வராததால் எதிராளி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னேன், வராததற்குத் தக்க காரணம் இருந்தால் வந்து சொல், தீர்ப்பை எடுத்துவிட்டு உன்னையும் கேட்கிறேன் என்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9-வது கட்டளை, 13-வது விதி. அதற்கு 30 நாள். சம்மன் முறையாகச் சேராதிருந்தால் விஷயம் தெரிந்த நாளில் இருந்து 30 நாள். அந்த அம்மாவுக்குத் தெரிந்த நாள், என் திண்ணைக்கு வந்த நாள்.

இரண்டரை மாதம் கழித்து, ஜப்திக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தார். "ஜட்ஜி அந்தாள் பக்கம் சாஞ்சிட்டாருன்னு நீதானேண்ணே சொன்னே?" என்று கேட்டார். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று வாயெடுத்தேன். சொல்லத்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து போய் ம்யூல்லரை எடுத்தேன். பழைய பழக்கம், தெரிந்த சொல்லை வேறு பாஷை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பது. 'டிஃபால்ட்' என்ற சொல்லின் கீழே, எதிராளி வராததால் சொல்லும் தீர்ப்புக்கு ரஷ்யனில் 'ஸஓச்னயே ரிஷேனியே' என்று இருந்தது. டீக்கடையில் அந்தப் பையன் சொன்ன அதே ஸஓச்னா. கண்ணுக்குப் பின்னால் சொன்ன தீர்ப்பு. யார் பக்கம் சாய்ந்தது என்ற பேச்சே அதில் இல்லை. நீ அங்கே இல்லை, அவ்வளவுதான். இல்லாதவன் போய் நின்றால் மேற்கொண்டு வழி இருக்கிறது என்பது கேட்ட உடனே தோன்றிவிடும். தமிழ்த் தீர்ப்புகளில் 'தோன்றாத் தரப்பினர்' என்று சில நீதிபதிகள் எழுதி நானே பார்த்திருக்கிறேன். நல்ல சொல். அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. விளக்கினேன், புரிந்துகொண்டார்கள் என்று கப்பலில் நடுங்கும் கையோடு கையெழுத்துப் போட்டவன், சொந்தத் தெருவில் பந்தியில் இலை காய்கிறது என்று எழுந்து போய்விட்டேன். இருபத்திரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு மாட்டுக் கதை சொல்ல நேரம் இருந்தது.

மறுநாள் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த இளம் வக்கீல் ஒருவரிடம் போனேன். தீர்ப்பை நீக்கக் கோரும் மனு ஒன்று, அதோடு இத்தனை நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி லிமிடேஷன் சட்டம் 5-வது பிரிவில் ஒரு மனு. தாமதத்துக்கு என்ன காரணம் என்று எழுதுவது? வக்கீல் பேனாவோடு என்னைப் பார்த்தார். படித்துச் சொன்னவர் விளக்கிய விதத்தால் மனுதாரர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எழுதச் சொன்னேன். வேண்டாம் சார், உடம்பு சரியில்லை என்று போட்டுவிடலாம் என்றார். எல்லோரும் மஞ்சள் காமாலை என்றுதான் போடுவார்கள், உங்களுக்கும் தெரியும். நான் நடந்ததையே எழுதச் சொன்னேன். அந்தப் பிரமாணப் பத்திரத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் "இப்ப நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேட்டேன். இரண்டு இடத்தில் வேறு மாதிரி சொன்னார். அந்த இரண்டு வரியையும் மாற்றி எழுத வைத்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவுத் தொகை கட்டச் சொல்லி மனுவை அனுமதித்தார்கள். அதை நான் கட்டினேன். பிறகு வழக்கு நடந்து, அசலைத் தவணையில் கட்டுவதாக ராஜியாகி முடிந்தது. வாங்கிய கடன் வாங்கியதுதானே. ஆனால் எதிராளி கேட்ட வட்டியில் பெரும்பகுதி போயிற்று. ஜப்தி நின்றது.

அந்த அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, கூடை தூக்குவதில்லை. மகன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். இன்னமும் யார் வீட்டுக்காவது கோர்ட்டில் இருந்து காகிதம் வந்தால் என் விலாசத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்புரை ஆபரேஷன் ஆனது, கோர்ட் பக்கம் போயே பல வருஷம் ஆயிற்று என்றெல்லாம் சொன்னாலும் விடுவதில்லை.

போன மாதம் தாழங்குப்பத்தில் இருந்து ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய காகிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தாத்தா, நாங்க இல்லாதப்போ கண்ணுக்குப் பின்னால சொன்ன தீர்ப்பாம் இது. பாட்டி சொல்லுச்சு. மொதல்ல எத்தினி நாள் பாக்கி கீதுன்னு உங்களாண்ட கேக்கச் சொல்லுச்சு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினேன். பதினோரு நாள் இருந்தது.